உமிக்குள் ஒளிந்த மணல்

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு போய்ப் பாருங்கள். அரிசி ஆலைகளின் பின்புறம் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். மாடு தின்னாது. மழையில் நனைந்தாலும் லேசில் உக்காது.

காரணம், உமிக்குள் இருப்பது மணலின் மூலச்சரக்கு. வயல்நீரில் கரைந்த சிலிக்காவை நெற்பயிர் வேரால் உறிஞ்சி, மணியின் மேலுறையில் படியவைக்கிறது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகத் தனக்குத் தானே பூட்டிக்கொள்ளும் கவசம். 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அதை முற்றாக எரித்தால் மிஞ்சும் சாம்பல் 4 கிலோ. அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியபோது அழுக்கைத் தேய்த்தெடுத்ததும் இதுவே.

திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் 2008இல் உமியை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையத்தைத் தொடங்கியது. நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியை உமி தரும். சிக்கல் அதை ஏற்றி இறக்குவதில்தான்: ஒரு கன மீட்டர் உமி 100 கிலோவைச் சற்றே தாண்டும், லொறி நிறைந்தாலும் பெரும்பகுதி காற்று. ஆலைகள் கிட்டவே இருக்கும் மாவட்டத்துக்குத்தான் இந்த எரிபொருள் கட்டுப்படியாகும்.

சாம்பலும் வீணில்லை. சூட்டை 700 பாகைக்குள் அடக்கி எரித்தால் சிலிக்கா சீமெந்தின் சுண்ணாம்போடு வினைபுரிந்து கொங்கிரீட்டை இறுக்கும். சூடு மிஞ்சினால் அது பளிங்காகி, வினைபுரியாத வெறும் மணலாகிவிடும்.

ஆனாலும் விவசாயிக்கு நான் சொல்வது அரைகுறை எரிப்பைத்தான். பழைய தகரப் பரலின் பக்கங்களில் துளையிட்டு, மேலே புகைக்குழாய் வைத்து, உள்ளே விறகு மூட்டிச் சுற்றிலும் உமியைக் குவிக்க வேண்டும். சூடு துளைவழியே பரவ, உமி உள்ளிருந்து வெளிப்புறமாகக் கறுத்துக்கொண்டு வரும். கறுத்ததை மேலே இழுத்து, கறுக்காததைப் பரல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்கக் கறுத்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும்; கொஞ்சம் தாமதித்தாலும் கரி வெண்சாம்பலாகி, காபன் காற்றோடு போய்விடும்.

கரையோர மணல்நிலத்தில் இந்தக் கரி நீரையும் சத்தையும் பிடித்துவைக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு வயல்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை. யூரியாவின் இடத்தை உமிக்கரியால் நிரப்ப முடியாது, நைதரசன் இதில் மிகக் குறைவு. அதற்கு மாட்டெருவைச் சேர்த்துக் கிளறி, சில நாள் ஊறவிட்டு, மிளகாய் நாற்றுமேடையில் முதலில் போட்டுப் பாருங்கள்.