கிராமி வாங்கிய பாட்டை ஓரங்கட்டிய 'வியன்னா'... பில்லி ஜோயலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுவது ஏன்?

அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பாட்டின் பெயரைச் சொல்லி, எதை வாசிக்கலாம் என்று கூட்டத்தையே முடிவு செய்யச் சொல்வார். அப்படி அவர் அடிக்கடி மோதவிட்ட ஜோடி இது: ஒரு பக்கம் கிராமி விருது வாங்கிய 'ஜஸ்ட் த வே யூ ஆர்'. இன்னொரு பக்கம், வெளியான காலத்தில் ஹிட் பட்டியல் பக்கமே எட்டிப் பார்க்காத 'வியன்னா'. பல இரவுகளில் ஜெயித்தது 'வியன்னா'தான்!

இரண்டு பாட்டும் ஒரே ஆல்பத்தில் இருப்பவை. 1977 செப்டம்பரில் வெளியான 'தி ஸ்ட்ரேஞ்சர்'. மொத்தம் 9 பாட்டு, சுமார் 42 நிமிடம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான சான்றிதழ் பெற்றது. அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

அப்போது பில்லி ஜோயலின் நிலைமை என்ன?

சுமார்தான். 1971-ல் வந்த முதல் ஆல்பம் தவறான வேகத்தில் பதிவாகி, அவர் குரலே கீச்சென்று மாறிப்போனது. 1973-ல் 'பியானோ மேன்' பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் 1976-ல் வந்த 'டர்ன்ஸ்டைல்ஸ்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள்கூட வரவில்லை. அடுத்ததும் ஊத்திக்கொண்டால் கொலம்பியா நிறுவனம் கைவிட்டுவிடும் என்ற பேச்சு இருந்தது. ஆக, இது வாழ்வா சாவா ஆல்பம்.

ஜார்ஜ் மார்ட்டினையே வேண்டாம் என்றது ஏன்?

பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இந்த ஆல்பத்தைச் செய்துதர ஆர்வம் காட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை. ஜோயலின் சொந்தக் குழு வேண்டாம், ஸ்டுடியோ கலைஞர்களை வைத்துக்கொள்ளலாம் என்றார். கையில் ஹிட் இல்லாத பாடகருக்கு இது லாட்டரி மாதிரி. ஜோயல் மறுத்துவிட்டார். டிரம்மர் லிபர்ட்டி டெவிட்டோ, பேஸ் கிட்டார் டக் ஸ்டெக்மேயர், சாக்ஸபோன் ரிச்சி கனாட்டா ஆகியோரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் குழுவை அப்படியே ஏற்றுக்கொண்டவர் தயாரிப்பாளர் ஃபில் ரமோன். பலன் பாட்டிலேயே தெரியும். 'ஒன்லி த குட் டை யங்' பாட்டை முதலில் ரெகே பாணியில்தான் யோசித்தார் ஜோயல். டிரம்மர் டெவிட்டோ, 'இது நமக்கு செட் ஆகாது' என்று அடம்பிடிக்கவே, இன்று கேட்கும் துள்ளல் வந்தது. கூலிக்கு வந்த கலைஞர் அப்படிச் சண்டை போட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பியானோவுக்கு இதில் என்ன வேலை?

ராக் இசை என்றால் கிட்டார்தான் ஹீரோ. இங்கே பெரும்பாலும் பியானோதான் கதையை நடத்துகிறது. அதுவும் ஒரே மாதிரி இல்லை. தலைப்புப் பாட்டு மெதுவான பியானோவும் விசிலுமாகத் தொடங்கி, திடீரென்று கிட்டார் அதிரடிக்குத் தாவுகிறது. அந்த விசிலே திட்டமிட்டதில்லை. எந்தக் கருவியில் வாசிக்கலாம் என்று கேட்பதற்காக ஜோயல் மெட்டை விசிலடித்துக் காட்ட, 'அதையே வெச்சுக்கலாம்' என்று ரமோன் முடிவு செய்துவிட்டார். ஆல்பத்தின் கடைசியில் அதே மெட்டு மறுபடி வந்து முடித்துவைக்கிறது. 'ஜஸ்ட் த வே யூ ஆர்' பாட்டிலோ வழக்கமான பியானோ இல்லை. மென்மையாக ஒலிக்கும் மின்சாரப் பியானோ.

பலருக்கும் ஆல்பத்தின் உச்சம் 'சீன்ஸ் ஃப்ரம் அன் இத்தாலியன் ரெஸ்டாரண்ட்'. ஏழரை நிமிடம் ஓடும் இதைத் தனிப் பாட்டாக ரேடியோவுக்குக் கொடுக்கவே இல்லை. முடிக்காமல் வைத்திருந்த மூன்று பாட்டுகளை ஜோயல் ஒன்றாகத் தைத்தார். பீட்டில்ஸின் 'அபி ரோட்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம்தான் அதற்கு முன்மாதிரி. பழைய நண்பர்கள் இருவர் ஹோட்டலில் சந்திக்கிறார்கள். பேச்சு பள்ளிக்காலத்துக்குப் போகிறது. ஊரே கொண்டாடிய பிரெண்டா - எடி ஜோடி கல்யாணம் செய்து, பணக் கஷ்டத்தில் பிரிந்த கதை வருகிறது. அமைதியான பியானோ, சாக்ஸபோன், வேகமான ராக் என்று இசையும் கூடவே ஓடிவிட்டு, கடைசியில் அதே ஹோட்டல் மேஜைக்குத் திரும்புகிறது. ஒரு சிறுகதை படித்த திருப்தி!

'வியன்னா' யாருடைய கதை?

இங்கேதான் விஷயம் கனமாகிறது. ஜோயலின் அப்பா ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த குடும்பம். அவரும் நன்றாக பியானோ வாசிப்பார். ஜோயல் சிறுவனாக இருந்தபோதே மனைவியைப் பிரிந்து ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார்.

பல வருடம் கழித்து, அப்பாவைத் தேடி வியன்னாவுக்குப் போனார் மகன். அங்கே வயதான பெண்மணி ஒருவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இந்த வயதில் இவர் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று ஜோயலுக்குத் தோன்றியது. அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, தான் தேவைப்படுகிறோம் என்ற நிறைவு இருக்கிறது என்று அப்பா விளக்கினார். வயதானால் எல்லாம் முடிந்துவிடாது, பிறகு ஏன் இப்படி ஓட வேண்டும் என்ற எண்ணம்தான் பாட்டானது. பேட்டிகளில் ஜோயலே இதைச் சொல்லியிருக்கிறார்.

2004-ல் '13 கோயிங் ஆன் 30' படத்தில் இந்தப் பாட்டு வந்தது. பிறகு சமூக வலைதளங்கள் வழியாக 20 வயதுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. படிப்பு, வேலை, கல்யாணம் என எல்லாவற்றையும் 'சீக்கிரம் முடி' என்று சுற்றியிருப்பவர்கள் விரட்டும் வயது அது. 'கொஞ்சம் நிதானி' என்று ஒரு குரல் சொன்னால் ஒட்டிக்கொள்ளாதா?

இப்போது என்ன நிலை?

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 2014 முதல் தொடர் கச்சேரி நடத்திவந்த ஜோயல், 2024 ஜூலையில் அந்த அரங்கில் தனது 150-வது நிகழ்ச்சியுடன் அதை நிறைவு செய்தார். 2025 மே மாதம், மூளையில் திரவம் சேரும் பாதிப்பு இருப்பதாக அறிவித்து, மீதிக் கச்சேரிகளை ரத்து செய்தார். கேட்பது, பார்ப்பது, உடல் சமநிலை மூன்றும் கச்சேரிகளால் மேலும் பாதிக்கப்பட்டதாக அந்த அறிவிப்பு சொன்னது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஷஃபிளை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்பது நல்லது. எல்பி ரெக்கார்டில் 'இத்தாலியன் ரெஸ்டாரண்ட்' முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. தட்டைத் திருப்பிப் போட்டால் முதலில் வருவது 'வியன்னா'. ஓடி ஓடிச் சீக்கிரமே தீர்ந்துபோன பிரெண்டா - எடி கதைக்குப் பிறகு, அவசரப்படாதே என்ற பதில். வரிசையாகக் கேட்டால்தான் அது புரியும்.