படச்சுருளுக்கு எதிர்காலம் உண்டா?

36 படங்கள் கொண்ட ஒரு சுருளை வாங்கி, எண்ணி எண்ணிப் படமெடுத்து, கடையில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கைப்பேசியில் ஒரே நாளில் நூறு படங்கள் எடுக்கிறோம். அப்படியானால் படச்சுருளின் கதை முடிந்துவிட்டதா? இல்லை என்பதே என் கருத்து.

படச்சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் உள்ளன. ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நிகழ்கிறது. கழுவும்போது இரசாயனக் கரைசல் அவற்றைக் கருமையான வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவை கரைந்து நீங்குகின்றன. வண்ணச் சுருளில் இறுதியில் எஞ்சுவது வெள்ளியன்று, சாயமே. இலக்கவியல் கேமராவிலோ ஒளி மின்னூட்டமாகி, எண்களாகப் பதிகிறது.

அத்தகைய கேமராவை 1975-இல் முதன்முதலில் உருவாக்கியவர் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன். ஒரு படத்தைப் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. படச்சுருள் விற்பனையையே பெரிதும் நம்பியிருந்த அதே கோடாக், 2012-இல் திவால் பாதுகாப்பு கோரியது காலத்தின் விளையாட்டு!

ஆயினும் படச்சுருள் மறையவில்லை. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாகுரோம் சுருள் 2018-இல் மீண்டும் வந்தது. 2023-இல் வெளியான 'ஓப்பன்ஹைமர்' திரைப்படம் படச்சுருளிலேயே எடுக்கப்பட்டது. 2024-இல் பென்டாக்ஸ் நிறுவனம் புதிய படச்சுருள் கேமராவை வெளியிட்டது.

எனினும், கேமரா மட்டும் இருந்தால் போதாது. சுருள் தயாரிக்கும் ஆலை, கழுவும் கடை, பழுது பார்க்கும் கைகள் ஆகிய மூன்றும் வேண்டும். இவை குறையக் குறைய விலை ஏறும். ஆகவே படச்சுருள் இனி எல்லாருடைய அன்றாடக் கருவியாகத் திரும்பாது. கைத்தறியைப் போல, விரும்புவோர் பேணும் கலையாகவே வாழும் என்று நம்புகிறேன்.

நண்பர்களே, நாம் கவலைப்பட வேண்டியது புதிய சுருள்களைப் பற்றியன்று. வீட்டில் உறங்கும் பழைய நெகட்டிவ்களைப் பற்றியே. அவற்றில் பல அசிட்டேட் என்னும் பொருளால் ஆனவை. நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் அதைச் சிதைக்கும். எங்கள் வீட்டுப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது வினிகர் வாடை அடித்தது. அதுதான் சிதைவின் அறிகுறி. மூடிய டின்னில் தேங்கும் அந்த அமில ஆவி சிதைவை மேலும் விரைவுபடுத்தும்.

செய்ய வேண்டியவை எளியவை. வாடை வீசும் நெகட்டிவ்களைத் தனியே பிரியுங்கள். காற்றோட்டமுள்ள காகித உறைகளில் இட்டு, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். அதன் பிறகும் மூலத்தை வீசிவிடாதீர்கள். நெகட்டிவைப் பார்க்க வெளிச்சம் போதும். கணினிக் கோப்பைத் திறக்கவோ அதற்கேற்ற கருவி வேண்டும்.

நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த லயங்களும் கோயில் திருவிழாக்களும் கல்யாணப் பந்தல்களும் எஞ்சியிருப்பது இந்தச் சுருள்களில்தான். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு உறைமேல் எழுதி வைப்போம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?