வரைகலை அட்டை மேம்படுத்தல்

வரைகலை அட்டை மேம்படுத்தல் என்பது கணினியில் உள்ள வரைகலை அட்டையை நீக்கிவிட்டு, அதனினும் ஆற்றல் மிக்க வேறோர் அட்டையைப் பொருத்துவதைக் குறிக்கும். விளையாட்டுக் கணினிகளின் உறுப்புகளுள் பெரும்பாலும் விலை மிகுந்தது இவ்வட்டையே ஆகும். விளையாட்டு மெதுவாக இயங்குவதற்கு அட்டைதான் காரணம் என்று உறுதி செய்யாமல் மாற்றினால், செலவிட்ட பணத்திற்கு ஏற்ற பயன் கிட்டாது.

படச்சட்டம் உருவாகும் முறை

கணினி விளையாட்டில் திரைக்காட்சி, ஒன்றன்பின் ஒன்றாக வரும் படச்சட்டங்களால் ஆனது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் தோன்ற வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்குள் ஆயத்தமாக வேண்டும். பாத்திரங்களின் இயக்கம், பொருட்கள் மோதுதல் போன்றவற்றை மையச் செயற்பகுதி கணித்து, எதை வரைய வேண்டும் என்ற ஆணைகளை அனுப்புகிறது. ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் வரைகலை அட்டை கணிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வெவ்வேறு படச்சட்டங்களில் பணிபுரிவதால், இவற்றுள் மெதுவானதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு படச்சட்டத்திற்கு மையச் செயற்பகுதி 14 மில்லிநொடியும் அட்டை 25 மில்லிநொடியும் எடுத்துக்கொண்டால், நொடிக்கு 40 படச்சட்டங்கள் கிடைக்கும். இரு மடங்கு வேகமுள்ள அட்டை தன் பணியை 12.5 மில்லிநொடியில் முடித்துவிடும். ஆயினும் 80 படச்சட்டங்கள் கிடைப்பதில்லை. மையச் செயற்பகுதியின் 14 மில்லிநொடி இப்போது எல்லையாகி, சுமார் 71 மட்டுமே கிடைக்கும். மாறாக, மையச் செயற்பகுதியே 25 மில்லிநொடி எடுக்குமாயின், எவ்வளவு விலையுயர்ந்த அட்டையைப் பொருத்தினாலும் 40 என்ற எண்ணிக்கை உயராது.

காரணத்தைக் கண்டறிதல்

இதனைச் செலவின்றிச் சோதிக்கலாம். முதலில் செங்குத்து ஒத்திசைவையும் படச்சட்ட வரம்பையும் நிறுத்திவிட வேண்டும். பின்னர் விளையாட்டின் பிரிதிறனை 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 ஆகக் குறைக்க வேண்டும். இதனால் வரைய வேண்டிய படப்புள்ளிகள் 20,73,600 இலிருந்து 9,21,600 ஆகக் குறைகின்றன. மையச் செயற்பகுதியின் பணியோ பெரும்பாலும் மாறுவதில்லை.

* படச்சட்ட வீதம் நன்கு உயர்ந்தால், அட்டையே தடையாக உள்ளது. மேம்படுத்தல் பயன் தரும்.
* வீதம் ஏறக்குறைய அப்படியே இருந்தால், தடை மையச் செயற்பகுதியிலோ முதன்மை நினைவகத்திலோ உள்ளது.

திரையின் திறனையும் கருத வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை மட்டுமே காட்சியைப் புதுப்பிக்கும்.

அட்டையின் நினைவகம்

சராசரி வேகம் போதுமானதாக இருந்தும் காட்சி இடையிடையே தடுமாறினால், அட்டையின் நினைவகம் நிரம்பிவிட்டிருக்கக்கூடும். 2016இல் வெளிவந்த என்விடியா ஜி.டி.எக்ஸ் 1060 அட்டையின் 6 கிகாபைட்டு வகை, தன் நினைவகத்திலிருந்து நொடிக்கு 192 கிகாபைட்டு தரவைப் பெறவல்லது. இடம் போதாமல் முதன்மை நினைவகத்தை நாடும்போது, பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் 3.0 இணைப்பின் வழியே நொடிக்குச் சுமார் 16 கிகாபைட்டு மட்டுமே கிடைக்கும். இது 12 மடங்கு குறைவு. மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி குறைப்பதே பல வேளைகளில் இச்சிக்கலைத் தீர்த்துவிடும்.

பொருத்தப்பாடு

புதிய அட்டைகள் பழைய பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய்களிலும் இயங்கும். எனினும் வேகம் குறையலாம். 2022இல் ஏ.எம்.டி வெளியிட்ட ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி அட்டை நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், 3.0 தலைமுறைத் தாய்ப்பலகைகளில் சில விளையாட்டுகள் குறிப்பிடத்தக்க அளவு மெதுவாக இயங்கின. இவ்வட்டையை நாடக்கூடியவர்கள் பெரும்பாலும் பழைய கணினி உடையவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

செருகுவாய் 75 வாட் வரை மின்திறன் அளிக்கும். ஆறு முனை இணைப்பி மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பி 150 வாட்டும் அளிக்கும். மின்வழங்கியின் திறன், அதிலுள்ள இணைப்பிகள், கணினிப் பெட்டியில் அட்டையின் நீளத்திற்கு உள்ள இடம் ஆகியவற்றை வாங்கும் முன்னரே அளந்து பார்க்க வேண்டும். புதிய அட்டை எப்போதும் கூடுதல் மின்சாரம் கோரும் என்பதில்லை. ஜி.டி.எக்ஸ் 1060 அட்டைக்கு 120 வாட் தேவை. 2023இல் வந்த ஆர்.டி.எக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாட் போதும்.

மாற்றம் தவிர்க்கவியலாத நிலை

தர அமைப்புகளைக் குறைத்தும், குறைந்த பிரிதிறனில் வரைந்து பெரிதாக்கும் நுட்பங்களைக் கையாண்டும் பழைய அட்டையின் ஆயுளை நீட்டிக்கலாம். 2021இல் ஏ.எம்.டி அறிமுகப்படுத்திய எஃப்.எஸ்.ஆர் என்னும் நுட்பம் பிற நிறுவனங்களின் அட்டைகளிலும் இயங்குகிறது. ஆனால் சில வசதிகள் வன்பொருளிலேயே இருந்தாக வேண்டும. 2024 டிசம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் விளையாட்டு, ஒளிக்கதிர்த் தடமறிதலுக்கான வன்பொருள் உள்ள அட்டையைக் குறைந்தபட்சத் தேவையாகக் கொண்டது. இத்தகைய விளையாட்டுகளுக்கு அமைப்புகளைக் குறைப்பது தீர்வாகாது.

விலைச் சூழல்

அட்டைகளின் விலை நிலையானதன்று. 2020 முதல் 2022 வரை சில்லுத் தட்டுப்பாட்டாலும் மறையீட்டு நாணய அகழ்வாலும் விலை பெரிதும் உயர்ந்தது. 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் அகழ்வு முறையைக் கைவிட்டது. அகழ்வுக்குப் பயன்பட்ட அட்டைகள் பல பின்னர் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. பயன்படுத்திய அட்டையை வாங்குவோர், கனமான விளையாட்டொன்றைச் சிறிது நேரம் இயக்கி, வெப்பநிலையையும் விசிறியையும் சோதித்தபின் வாங்குவது நன்று.

இவற்றையும் பார்க்க

* மையச் செயற்பகுதி
* தாய்ப்பலகை
* மின்வழங்கி