செல்பேசி ஒளிபரப்பில் அணுகல் வசதி

செல்பேசி ஒளிபரப்பில் அணுகல் வசதி என்பது, செவித்திறன் அல்லது பார்வைத்திறன் குறைந்தோரும் நிகழ்படங்களைப் பின்தொடரும் வகையில் வசன வரிகளையும் ஒலி விவரிப்பையும் செல்பேசி வலையமைப்பின் ஊடாகக் கொண்டு சேர்ப்பதைக் குறிக்கும். சப்டைட்டில் எனப் பரவலாக அறியப்படும் வசன வரிகள், பேச்சையும் கதவு தட்டப்படுதல் போன்ற ஒலிகளையும் எழுத்தில் தருகின்றன. ஒலி விவரிப்பு, திரையில் பேச்சின்றி நிகழ்பவற்றை உரையாடல்களின் இடைவெளியில் குரலால் எடுத்துரைக்கிறது.

இவ்விரண்டுக்குமான சீர்தரங்கள் தொலைக்காட்சித் துறையில் முன்னரே உருவானவை. அவற்றையே செல்பேசிக்கும் பயன்படுத்தினால், ஒருமுறை எழுதப்பட்ட வசன வரிகளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. அவ்வாறு செய்யாதபோது, தொலைக்காட்சியில் வசன வரிகளுடன் வெளியான நிகழ்ச்சி செல்பேசியில் அவையின்றி வந்து சேர நேரிடும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில், பார்வையாளர் விரும்பினால் மட்டும் தோன்றும் வசன வரிகள் 1980 மார்ச்சில் முறையாக ஒளிபரப்பாகத் தொடங்கின. ஒப்புமைத் தொலைக்காட்சிப் படத்தின் கண்ணுக்குத் தெரியாத 21ஆம் வரியில் எழுத்துகள் குறிகளாக அனுப்பப்பட்டன. இம்முறை பின்னர் சிஇஏ-608 என்னும் சீர்தரமாக வரையறுக்கப்பட்டது. தொடக்கத்தில் இவ்வரிகளைக் காணத் தனியே ஒரு குறிவிலக்கிப் பெட்டி தேவைப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளில் குறிவிலக்கி உள்ளமைந்திருக்க வேண்டும் என விதித்தது. இவ்விதி 1993 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது.

செல்பேசிகளில் நிகழ்படம் காணும் வழக்கம் பரவியபோது இந்த 13 அங்குல எல்லை ஒரு தடையாயிற்று. செல்பேசித் திரை அவ்வளவு பெரிதன்று. ஆகவே அது சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. 2010 அக்டோபரில் கையெழுத்தான 21ஆம் நூற்றாண்டுத் தொடர்பாடல், நிகழ்பட அணுகல் சட்டம் இக்குறையை நீக்கியது. சிறிய திரைகளிலும், செய்து முடிக்கக்கூடிய அளவில், வசன வரிகளைக் காட்டும் திறன் வேண்டும் என்று அது கூறியது. தொலைக்காட்சியில் வசன வரிகளுடன் வெளியான நிகழ்ச்சிகள் இணையத்திலும் அவற்றுடன் வெளியாக வேண்டும் என்னும் கடமையும் இச்சட்டத்தால் ஏற்பட்டது.

சப்பானில் சிக்கல் வேறு வழியில் அணுகப்பட்டது. அங்கு 2006 ஏப்ரல் 1 அன்று ஒன்-செக் என்னும் சேவை தொடங்கியது. 6 மெகா ஏர்ட்சு அகலமுள்ள ஓர் எண்ணிமத் தொலைக்காட்சி அலைவரிசை 13 கூறுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று கையடக்கக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. வசன வரிகளை அனுப்பும் வசதி இச்சேவையின் சீர்தரத்திலேயே இடம்பெற்றிருந்தது. இச்சேவை செல்பேசி வலையமைப்பைச் சாராமல் வானலை வழியே செல்பேசிக்கு நேரடியாக வந்தது.

தொழில்நுட்பம்

செல்பேசி வலையமைப்பில் நிகழ்படம் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாகப் பிரித்து அனுப்பப்படுகிறது. 2009இல் அறிமுகமான எச்எல்எசு, 2012இல் பன்னாட்டுச் சீர்தரமாக வெளியான டேசு ஆகியவை இம்முறையில் இயங்குகின்றன. வலையமைப்பின் வேகத்திற்கேற்ப ஒரே காட்சி பல தரங்களில் மறுகுறியாக்கம் செய்யப்படும். வசன வரிகள் பெரும்பாலும் தொலைந்து போகக்கூடிய இடம் இதுவே. படத்தையும் ஒலியையும் மட்டும் மாற்றும் மென்பொருள், உடன் வந்த எழுத்துத் தரவை விட்டுவிடலாம். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள்ளன.

முதல் வழியில், சிஇஏ-608 தரவு எச்.264 நிகழ்படத்தின் துணைத்தகவல் பகுதியில் பொதிந்து அப்படியே அனுப்பப்படுகிறது. இத்தரவு மிகச் சிறியது. ஒரு சட்டகத்தின் முதற்புலத்திற்கு 2 பைட்டுகள் வீதம் நொடிக்கு 30 சட்டகங்கள் எனக் கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 216 கிலோபைட்டுகளே ஆகும். ஆகவே, வேகம் குறைந்த வலையமைப்பிலும் வசன வரிகளைக் கைவிட அலைக்கற்றைப் பற்றாக்குறை ஒரு காரணமாகாது.

இரண்டாம் வழியில், வசன வரிகள் தனிக் கோப்பாக அனுப்பப்படுகின்றன. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2010 நவம்பரில் பரிந்துரையாக வெளியிட்ட டிடிஎம்எல், ஒவ்வொரு வரியும் எந்த நேரத்தில், திரையின் எவ்விடத்தில், எந்நிறத்தில் தோன்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் எழுத்து வடிவமாகும். இதனை அடிப்படையாகக் கொண்டே ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் இபியு-டிடி வடிவங்களை வரையறுத்தது. நிலையத்தில் ஆவணப்படுத்தப்படும் கோப்பும் செல்பேசிக்குச் செல்லும் கோப்பும் இதனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகின்றன.

வசன வரிகளைப் படத்தின் மீதே நிலையாகப் பதித்துவிடுவது எளிய மாற்றாகத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு பதிக்கப்பட்ட எழுத்தைச் சிறிய திரையில் பெரிதாக்கவோ, நிறம் மாற்றவோ, நிறுத்தவோ இயலாது. எழுத்துத் தரவாக வந்து சேரும் வரிகளை, உரிய வசதியுள்ள கருவிகளில், பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இழந்தோர் பிரெய்ல் காட்சிக் கருவியின் வழியாகத் தொட்டுப் படிக்கவும் முடியும்.

ஒலி விவரிப்பு

ஒளிபரப்பில் ஒலி விவரிப்பு இரு முறைகளில் அனுப்பப்படுகிறது. ஒன்றில் விவரிப்புக் குரல் மட்டும் தனியே வர, பெறும் கருவி அதனை முதன்மை ஒலியுடன் கலக்கிறது. மற்றொன்றில் நிலையமே இரண்டையும் கலந்து முழுமையான இரண்டாம் ஒலித்தடமாக அனுப்புகிறது. துண்டுகளாக அனுப்பும் முறைக்கு இரண்டாவது ஏற்றது. நொடிக்கு 64 கிலோபிட்டு அளவுள்ள ஒலித்தடம் ஒரு மணி நேரத்திற்கு 28.8 மெகாபைட்டு ஆகும். எனினும் செல்பேசி முதன்மை ஒலிக்குப் பதிலாகவே இதனைப் பெறுவதால், இரு தடங்களும் ஒரே அளவினவாயின் பயனருக்குக் கூடுதல் தரவுச் செலவு ஏற்படுவதில்லை. அத்தடம் ஒலி விவரிப்புக்கு உரியது என்னும் குறிப்பு உடன் வருதல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லையெனில் தடம் இருந்தும் பயனரால் அதனைக் கண்டறிய இயலாமல் போகலாம்.

தமிழ் எழுத்துகள்

சிஇஏ-608 சீர்தரத்தின் எழுத்துக்கணம் இலத்தீன் எழுத்துகளை மையமாகக் கொண்டது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. டிடிஎம்எல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டிருப்பதால் தமிழ் வசன வரிகளை எழுத்தாகவே அனுப்பலாம். எழுத்துகள் சரியாகத் தோன்ற, கருவியில் தமிழ் எழுத்துருவும், கொம்பு, கால் முதலிய குறிகளை மெய்யெழுத்துடன் முறையாகச் சேர்த்துக் காட்டும் மென்பொருளும் இருத்தல் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலால், ஒரு வரியில் அடங்கும் சொற்களின் எண்ணிக்கையையும் அது திரையில் நிற்கும் நேரத்தையும் ஆங்கிலத்திற்கான அளவுகளைக் கொண்டு முடிவு செய்வது பொருந்தாது.