ஐந்து போல்ட்டில் ஒரு புரட்சி

காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட பழைய கார்களுக்கு விசித்திரமான வீல்களைத் தேடி மாட்டுவது உலகெங்கும் ஒரு மோகம். அழகு எல்லோர் கண்ணிலும் படும். ஆபத்து மில்லிமீட்டர் கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஒரு பழைய காரின் முகத்தை மாற்ற பெயின்ட் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பானர், அரை மணி நேரம் போதும். நான்கு வீல்களைக் கழற்றி வேறு நான்கை மாட்டினால் அப்பாவியாக நின்றிருந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் முறைக்க ஆரம்பித்துவிடும். சாதுவான போர்ஷே 911 பந்தயத்துக்குக் கிளம்பியதுபோல நிற்கும். ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் இந்தக் கார்களின் ரசிகர்கள் என்ஜினுக்காக எவ்வளவு வாதாடுகிறார்களோ, அதே அளவு வீலுக்காகவும் வாதாடுகிறார்கள்.

தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாத இந்த ரகக் கார்கள் இனிமேல் தொழிற்சாலையிலிருந்து வரப்போவதில்லை. காற்றால் குளிரும் 911-ன் உற்பத்தி 1998-ல் முடிந்தது. பழைய பீட்டிலின் கடைசி வண்டி மெக்சிகோவின் பூப்லா ஆலையிலிருந்து 2003 ஜூலை 30-ல் வெளியே வந்தது. அதுவரை தயாரானவை 2,15,29,464. இருப்பதைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் ஒரு கேள்வி எழுகிறது. பிறந்தபடியே வைத்திருப்பதா, சொந்த ரசனைக்கு இடம் கொடுப்பதா?

வேடிக்கை என்னவென்றால், இன்று 'ஒரிஜினல்' என்று கொண்டாடப்படும் வீலே ஒரு காலத்தில் விசித்திரமாக இருந்ததுதான். 1960களின் நடுவில் பெரும்பாலான கார்கள் இரும்புத் தகட்டு வீல்களில்தான் ஓடின. 911-ம் 4.5 அங்குல அகல இரும்பு வீலோடுதான் வந்தது. 1966-ல் வந்த 911 எஸ் மாடலுக்கு மைனர்ட்ஸ்ஹாகன் ஊரிலுள்ள ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம், அலுமினியக் கலவையை அச்சில் வார்க்காமல் அழுத்தி அடித்து உருவாக்கிய வீலைக் கொடுத்தது. வடிவம் தந்தவர் போர்ஷேயின் வடிவமைப்புக் கூடத்தில் இருந்த ஹைன்ரிஷ் க்ளீ. ஐந்து இறக்கைகள் சுழல்வது போன்ற அந்த வீலுக்கு ஜெர்மானியர்கள் வைத்த செல்லப் பெயர் 'இறக்கைச் சக்கரம்'. 4.5 அங்குலத்தில் தொடங்கிய அதன் அகலம் 1980களில் 9 அங்குலம்வரை விரிந்தது. புதுமை மரபாகிவிட்டது.

பீட்டில் கதை இன்னும் சுவாரஸ்யம். கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் ஜோ விட்டோன் நடத்திய 'எம்பி' நிறுவனம் 1960களில் பீட்டிலுக்கென்றே தனி வீல்களை விற்றது. அவற்றில் மெக்னீசியத்தில் செய்த 'பிஆர்எம்' வீல் இன்று சேகரிப்பாளர்களின் கனவு. பக்கத்து ஆரஞ்சு கவுன்டி இளைஞர்கள் ஒரு படி மேலே போனார்கள். பம்பரையும் பளபளப்புப் பட்டைகளையும் கழற்றி, காரின் மூக்கைத் தாழ்த்தி, போர்ஷேயின் ஃபுக்ஸ் வீலை மாட்டினார்கள். 1975-ல் 'ஹாட் விடபிள்யூஸ்' பத்திரிகை இதைக் 'கலிஃபோர்னியா தோற்றம்' என்று அட்டையில் போட, அது உலக பாணியாகிவிட்டது. பீட்டிலை உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 911-க்கு வடிவம் தந்தவர் அவருடைய பேரன். பேரன் வண்டியின் செருப்பைத் தாத்தா வண்டிக்குப் போட்ட கதை இது.

இன்று தேர்வுக்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் வெட்டும் அச்சு போல இருப்பதால் 'குக்கி கட்டர்' என்று பெயர் பெற்ற ஏடிஎஸ் வீல், ஷில்டாக் ஊரில் 1970-ல் பிறந்த பிபிஎஸ் நிறுவனத்தின் வலைப்பின்னல் வீல், பிரிட்டனின் மினி கார்களால் புகழடைந்த எட்டு ஆரங்கள் கொண்ட மினிலைட் என்று பட்டியல் நீளும். 2012-ல் வந்த 'அர்பன் அவுட்லா' ஆவணப்படத்தால் பிரபலமான மேக்னஸ் வாக்கர் 'ஃபிஃப்டீன்52' நிறுவனத்துடன் சேர்ந்து தன் ரசனைக்கு ஒரு வீலையே உருவாக்கினார். லாஸ் ஏஞ்சலஸின் சிங்கர் நிறுவனம் பழைய 911-களைப் புதுப்பிக்கும்போது ஃபுக்ஸ் பாணியிலேயே 17 அங்குல வீல் போடுகிறது. ஜப்பானின் அகிரா நகாய் பாணி தனி. 911-ன் மட்கார்டுகளைத் தன் கையாலேயே வெட்டி, அகலப் பட்டைகளைப் பொருத்தி, அதற்குள் பிரமாண்ட வீல்களை நுழைக்கிறார்.

ஆனால் கண்ணுக்குப் பிடித்தது காருக்குப் பிடிக்க வேண்டுமே. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

முதல் சிக்கல், போல்ட்டுகள் அமைந்த வட்டம். பழைய பீட்டிலுக்கு ஐந்து போல்ட், 205 மி.மீ. வட்டம். 1968 மாடலிலிருந்து பல பீட்டில்களில் அது நான்கு போல்ட், 130 மி.மீ. வட்டமானது. 911-க்கு ஐந்து போல்ட், அதே 130 மி.மீ. எனவே ஃபுக்ஸ் வீலை மாட்ட விரும்பும் பீட்டில்காரருக்கு இரண்டே வழி. பிரேக் டிரம்மில் சரியாகத் துளை போட்டு மாற்ற வேண்டும். இல்லையேல் இடையில் ஒரு அடாப்டர் தட்டு வைக்க வேண்டும். தட்டு சுலபம். ஆனால் அதன் தடிமன் அளவுக்கு வீல் வெளியே தள்ளி நிற்கும்.

அந்தத் தள்ளல்தான் இரண்டாவது சிக்கல். வீல் காரோடு சேரும் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை 'ஆஃப்செட்' என்கிறார்கள். இது சில மில்லிமீட்டர் மாறினாலே டயர் வெளியே மட்கார்டிலோ உள்ளே சஸ்பென்ஷனிலோ உரசக்கூடும். உரசாவிட்டாலும் நிம்மதி இல்லை. வீல் வெளியே போகப் போக பேரிங்கின் மேல் விழும் நெம்பு விசை கூடும். ஸ்டியரிங்கின் குணம் மாறும். கடையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு வீல்களில் ஒன்று கச்சிதமாகப் பொருந்துவதும் மற்றது பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

மூன்றாவது சிக்கல், பாரம். என்ஜின் காற்றால் குளிர்வதற்கும் வீலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது பின்னால் உட்கார்ந்திருப்பதற்குத்தான் தொடர்பு. 911-ன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்கள்மேல் விழுகிறது. முன்புறம் அகல டயரும் பின்புறம் ஒல்லி டயரும் போட்டால் வளைவில் பின்பகுதி முதலில் வழுக்கும். அதனால்தான் 1973-ன் கரேரா ஆர்எஸ் 2.7 மாடலுக்கு போர்ஷே முன்னால் 6 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் கொடுத்தது. பழைய பீட்டிலின் பின் அச்சு ஊசலாடும் ரகம். மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது சாயவும் செய்யும். அங்கே அளவுக்கு மீறிய அகல டயரைப் போட்டால், சாயும் நேரத்தில் அதன் ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கும். போட்ட காசு வீண்.

நான்காவது, பலரும் கவனிக்காதது. போல்ட்டோ நட்டோ வீலில் உட்காரும் இடம் ஃபோக்ஸ்வாகன், போர்ஷே வண்டிகளில் பொதுவாகப் பந்து போல வளைந்திருக்கும். வெளிச்சந்தை வீல்கள் பலவற்றில் கூம்பு வடிவில் இருக்கும். ஒன்றுக்கு மற்றதைப் போட்டாலும் முறுக்கும்போது இறுகியதுபோலத்தான் தெரியும். உண்மையில் அது விளிம்பில் மட்டும்தான் பிடித்திருக்கும். ஓட ஓடத் தளரும். கழன்று ஓடும் வீலுக்கு அழகு, அவலட்சணம் என்ற பேதம் கிடையாது.

உலோகமும் முக்கியம். மெக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். எடை குறைவதால் சஸ்பென்ஷன் லாகவமாக வேலை செய்யும். ஆனால் ஈரம் பட்டால் பெயின்ட்டுக்கு அடியிலேயே அரிக்கும். வயதானால் வெடிப்பு விடும். அரை நூற்றாண்டு கண்ட மெக்னீசிய வீலை வெடிப்புச் சோதனை செய்யாமல் ரோட்டில் இறக்குவது சூதாட்டம். போலிகளிலும் எச்சரிக்கை தேவை. ஃபுக்ஸ் போலவே தோன்றும் மலிவு வீல்கள் பல, அழுத்தி அடித்தவை அல்ல, வார்த்தவை. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்ணோ, ஜப்பானின் 'ஜேடபிள்யூஎல்' முத்திரையோ, ஜெர்மனியின் 'கேபிஏ' அனுமதி எண்ணோ இல்லாத வீல் வெறும் அலங்காரப் பொருள்.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியில் அனுமதி இல்லாத வீலைப் போட்டால் வண்டியை ஓட்டும் உரிமமே ரத்தாகலாம். 30 வயதைக் கடந்த வண்டிகளுக்கு அங்கே 1997 முதல் 'எச்' என்று முடியும் நம்பர் பிளேட் உண்டு. கார்களுக்கு ஆண்டு வரி ஒரே சீராக 191.73 யூரோ. பரிசோதகர்கள் அந்தக் காலத்தில் வழக்கத்தில் இருந்த மாற்றங்களை ஏற்பார்கள். பழைய ஏடிஎஸ் வீலுக்குப் பிரச்சினை இல்லை. நேற்று வந்த 18 அங்குல வீலோடு போனால் சலுகை கைநழுவக்கூடும்.

இந்தியாவில் 2021-ல் வந்த விதிகள் 50 வயது தாண்டிய வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு தருகின்றன. நிபந்தனை: வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு பீட்டிலின் மட்கார்டை வெட்டி அகல வீலை நுழைக்க நினைப்பவர் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆக, எல்லை எங்கே? வீல் விஷயத்தில் விடை எளிது: திருப்பி மாற்ற முடியுமா என்பதே அளவுகோல். வெட்டிய மட்கார்டு பழையபடி வளராது; துளைத்த டிரம்முக்கு மாற்று தேட வேண்டும். ஆனால் சரியான போல்ட் வட்டமும் ஆஃப்செட்டும் பாரத் தகுதியும் உள்ள வீல், எவ்வளவு கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும், காருக்குத் தீங்கு செய்யாது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். வாங்குபவர் வேறு ரசனைக்காரராக இருந்தாலும் கவலை இல்லை, பழைய நான்கு வீல்களையும் பத்திரமாக வைத்திருந்தால். பழைய கார் உலகில் நிரந்தரச் சேதம் இல்லாத கலகங்கள் குறைவு. அவற்றில் இது ஒன்று. அதற்குத் தேவை ஒரு ஸ்பானரும், வாங்குவதற்கு முன் ஒரு அளவுகோலும்.