கைக்கு வராத சம்பளம்

சம்பளச் சீட்டில் ‘பி.எப். பிடித்தம்’ என்ற வரியைக் காணும்போது உங்கள் உள்ளத்தில் எழுவது என்ன? பட்டணத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அது நஷ்டமாகவே தோன்றுகிறது. “என்னைக் கேளாமலே பிடித்துக்கொள்கிறார்களே” என்று முறுமுறுப்பவர்கள் அநேகர்.

அந்தப் பணம் எங்கே போகிறது? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொதுவான 12 சதவிகிதப்படி நம் பங்கு 1,200 ரூபாய். முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அதில் 833 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்கும், 367 ரூபாய் நம் சேமநிதிக் கணக்கிற்கும் சேருகின்றன.

பிரிட்டனில் 2012 முதல் தொழிலாளர்கள் ஓய்வூதியச் சேமிப்பில் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். விரும்பாதவர் ஒரு மாதத்திற்குள் விலகிக்கொள்ளலாம். ஆயினும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் விலகவில்லை. கையில் வாங்கிய பின் எடுத்து வைப்பது கடினம். கைக்கு வருமுன் ஒதுங்கிவிட்டால் பழகிவிடுகிறது.

அப்படியானால் 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலையை விட்டவர், முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. மகளின் திருமணத்திற்கும் மருத்துவச் செலவிற்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். சில நாட்களில் அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. அவர்கள் சேமிப்பை எதிர்க்கவில்லை. தங்கள் பிரயாசத்தின் பலன் தங்கள் கையை விட்டுப் போகிறதோ என்றே அஞ்சினார்கள்.

அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் ஒவ்வொரு வேலை மாற்றத்தின்போதும் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடுவது வேறு காரியம். மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் சேவை வேண்டும். நான்காம் ஆண்டில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால், அந்த நான்கு ஆண்டுகளும் கணக்கில் சேரா. புதிய வேலையில் முதலிலிருந்தே எண்ணத் தொடங்கவேண்டும்.

ஆகவே, வேலை மாறும்போது பழைய கணக்கைப் புதிய நிறுவனத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2014 முதல் வழங்கப்படும் யு.ஏ.என். என்ற ஒரே எண் இதற்காகவே ஏற்பட்டது. பணம் மெய்யாகவே கட்டப்படுகிறதா என்று கணக்கேட்டை அவ்வப்போது பாருங்கள். நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். விவரத்தை மனைவிக்கும் அல்லது கணவருக்கும் சொல்லி வையுங்கள்.

ஊரில் நிலமில்லாமல் பட்டணத்திற்கு வந்தவர்களுக்கு, முதிர்வயதில் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வாழ இந்தச் சிறு பிடித்தமே துணையாகலாம்.