இறைச்சியில் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர நார்ப்பொருள்

பாடசாலைப் பிள்ளைகளின் உணவுப் பெட்டிகளிலும் மாலைச் சிற்றுண்டிகளிலும் சொசேஜ், மீட்போல்ஸ் போன்ற பதனிடப்பட்ட இறைச்சி உற்பத்திகள் இன்று சாதாரணமாக இடம்பிடித்துள்ளன. இவற்றை வாங்குவோரில் பலர் தாம் உண்பது இறைச்சி மட்டுமே என எண்ணுகின்றனர். ஆனால், வழமையான சொசேஜின் நிறையில் 20 முதல் 30 சதவீதம் வரை கொழுப்பாக இருப்பதுண்டு.

இக்கொழுப்பு காரணமின்றிச் சேர்க்கப்படுவதில்லை. அரைத்த இறைச்சியுடன் உப்புச் சேரும்போது மயோசின் என்னும் புரதம் கரைந்து வெளிவருகின்றது. அது நுண்ணிய கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து, சூடாக்கும்போது இறுகி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. மென்மையும் ஈரலிப்பும் வாசனையும் பெருமளவில் இதிலேயே தங்கியுள்ளன. கொழுப்பை வெறுமனே குறைத்தால் எஞ்சுவது இறப்பர் போன்ற வறண்ட துண்டே.

இவ்விடத்திலேயே தாவர நார்ப்பொருட்கள் துணைக்கு வருகின்றன. ஓட்ஸ் தவிடு, பட்டாணித் தோல், தோடம்பழத் தோல், சிக்கரி வேரிலிருந்து பெறப்படும் இனுலின், எமது கரணைக்கிழங்கின் உறவுத் தாவரமான கொன்ஜாக்கின் மா ஆகியன நீரைப் பிடித்து வைக்கக்கூடியவை. இவற்றுட் சில களியாகி, நாவில் கொழுப்பையொத்த வழவழப்பைத் தருகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி சக்தியைத் தர, நார்ப்பொருள் ஏறக்குறைய 2 கலோரியையே தருகின்றது. எனவே, 100 கிராம் சொசேஜில் 10 கிராம் கொழுப்பை நீக்கி, 1 கிராம் நார்ப்பொருளும் 9 கிராம் நீரும் சேர்த்தால் 88 கலோரி குறைகின்றது.

இம்முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழக ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, 1991 இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 'மக்லீன் டிலக்ஸ்' என்னும் பேர்கரை அறிமுகப்படுத்தியது. 91 சதவீதம் கொழுப்பற்றது என விளம்பரப்படுத்தப்பட்ட அதில், கடற்பாசியிலிருந்து பெறப்படும் கராஜீனன் கொழுப்பின் இடத்தை நிரப்பியது. எனினும் மக்கள் அதனை விரும்பவில்லை. 1996 இல் அது கைவிடப்பட்டது. நலன் கருதிய உணவாயினும் சுவை குன்றினால் சந்தையில் நிலைக்காது என்பதே இதன் பாடமாகும். கராஜீனன் தரும் கடற்பாசி எமது வட மாகாணக் கரையோரங்களிலும் வளர்க்கப்படுகின்றமை குறிப்பிடத்தக்கது.

முஸ்லிம் நுகர்வோருக்கு இதில் மற்றுமொரு பயனும் உண்டு. சேர்க்கப்பட்ட கொழுப்பு எவ்விலங்கினுடையது என்னும் ஐயம், தாவர நார் அதன் இடத்தைப் பிடிக்கும் அளவுக்குக் குறைகின்றது. ஆயினும், இறைச்சியும் மேலுறையும் ஹலாலானவையா என்பது தனியாகவே உறுதிப்படுத்தப்பட வேண்டியதாகும்.

நார்ப்பொருள் சேர்ந்ததனால் உப்போ நைத்திரைற்றோ மறைந்துவிடுவதில்லை. பதனிடப்பட்ட இறைச்சியை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருளாக, உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 இல் வகைப்படுத்தியது. அவ்வகைப்படுத்தல் கொழுப்பு குறைந்த சொசேஜுக்கும் பொருந்தும். நாரின் துணையுடன் நீரை இறைச்சியின் விலைக்கு விற்கவும் வாய்ப்புண்டு. ஆகவே, 'கொழுப்பு குறைந்தது' என்னும் பெரிய எழுத்தை மட்டும் நம்பாது, சுட்டுத்துண்டில் இறைச்சியின் வீதத்தையும் உப்பின் அளவையும் அவதானித்தல் அவசியம்.

நீரிழிவும் இருதய நோயும் நுழையாத வீடுகள் அரிதாகிவரும் இந்நாளில், கொழுப்பைக் குறைக்கும் எந்த முயற்சியும் வரவேற்கத்தக்கதே. எனினும், கொழுப்பு நீக்கிய சிறிதளவு இறைச்சியைப் பருப்புடனோ முருங்கையிலையுடனோ சமைக்கும் வீட்டில் அதே மாற்றம் எந்தத் தொழிற்சாலையும் இன்றியே நிகழ்ந்துவிடுகின்றது.